கள்ளு மணக்கிற பெயர்

மச்சாள் எங்கள் வீட்டுக்கு வரும்போது தன்னுடைய தண்ணீர்ப் போத்தலோடுதான் வருவார். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. இந்த வெளிநாட்டில், டண்டினொங்கில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து காரில் கொஞ்சத் தூரம்தான் அவர் வீடு. வந்து கதிரையில் இருந்ததும் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைப்பார். நான் குசினிப் பக்கம் திரும்ப முன்னரே, "எனக்கு ஒண்டும் வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்பார். நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து மகள் பிறக்கும்வரை, ஒரு தடவையாவது அவர் என் கையால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தது கிடையாது. முதலில் சீனி வருத்தமாக்கும் என்று நினைத்தேன். பிறகு வேறொரு வீட்டு விசேஷத்தில் அவர் பாயசத்தை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிக் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இதில் வருகிற எங்கள் ஆட்களில் பெரியவர்கள் ஒருவருடைய பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. டண்டினொங் சின்ன இடம், நாளைக்கு மரக்கறிக் கடையில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பெயரை மட்டும் சொல்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை.

என் அப்பா பனையில் ஏறிக் கள்ளுச் சீவியவர். அதை நான் இப்போது சத்தமாகச் சொல்கிறேன், ஆனால் பல வருடங்களாக ஒருவரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்காரர் எல்லாரும் அப்பாவின் கள்ளைத்தான் குடித்தார்கள். அவர் முட்டியிலிருந்து ஊற்ற, பனையோலையைக் கோலிச் செய்த பிளாவில் ஏந்திக் குடிப்பார்கள். அதே வீட்டில் அப்பாவுக்குத் தண்ணீர் விடாய்த்தால் படலைக்கு வெளியே நிற்கவேண்டும். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தவேண்டும். செம்பு முட்டாமல் மேலிருந்து ஊற்றுவார்கள். அப்பா தொட்ட கள்ளுக் குடிக்கலாம், ஆனால் அப்பா தொட்ட செம்பில் தண்ணீர் குடிக்கக்கூடாது. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்களோ எனக்குத் தெரியாது.

கடலில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. நாங்கள் வந்த படகில் கடைசி நாட்களில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் கான் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. ஆளுக்கொரு மிடறு என்று கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. நான் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன். அவர் துடைக்காமல், யோசிக்காமல், வாங்கி வாய் வைத்துக் குடித்தார். அவர்தான் இப்போது என் கணவர். படகில் வந்தவர்களை அடைத்து வைத்த முகாமிலிருந்து வெளியில் விட்ட பிறகு, தற்காலிக விசாவோடு, டண்டினொங்கில் இறைச்சி பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நானும் ஒரு சரக்குக் கிடங்கில் அவருமாக வேலைக்குப் போய், கையில் இருந்ததை வைத்துக் கலியாணம் கட்டிக்கொண்டோம்.

தரைக்கு வந்த உடனே பழைய கணக்கும் பின்னால் வந்து சேர்ந்தது. மச்சாள் குடும்பம் எங்களுக்கு முன்னமே படித்த ஆட்களாக முறையான விசாவில் வந்து, குடியுரிமையும் எடுத்து, சொந்த வீட்டில் இருந்தவர்கள். என்னோடு முதன்முதலாகப் போனில் கதைத்தபோது மச்சாள் மூன்று கேள்வி கேட்டார். "ஊரில எவடம்?" என்றார். சொன்னேன். "எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார். அதையும் சொன்னேன். "கோயிலுக்கு இஞ்சாலயோ, அங்காலயோ?" என்றார். "அங்கால" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் என்ன ஆள் என்று அறிய எங்கள் ஆட்களுக்கு அந்த மூன்று கேள்வியே காணும், நான்காவது தேவையில்லை. பாவம், அவர் குறை ஒன்றும் வைக்கவில்லை. கலியாணத்துக்கு வந்தார், நல்ல சேலை ஒன்று எடுத்துத் தந்தார், சிரித்துக்கொண்டு படம் எடுத்தார். போத்தல் மட்டும் கூடவே வந்தது.

இனி மகளின் பெயருக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விதம் வெளியாருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். முதலில் நட்சத்திரம் பார்த்து எழுத்து எடுப்போம். பிறகு அந்த எழுத்தில் தொடங்குகிற பெயரை இங்கிலீசில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் எண் போட்டுக் கூட்டி, நல்ல எண் வருகிறதா என்று பார்ப்போம். வெளிநாட்டுக்கு வந்தபின் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது: வெள்ளைக்காரனின் வாய்க்குள் அடங்கவேண்டும். இந்த மூன்றும் சரி வந்தால் பெயர் சரி. அர்த்தம் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. மச்சாளின் மகன் புனர்பூசம் முதலாம் பாதம். எழுத்து 'கே'. அதனால் அவன் கேமரன். வீட்டில் தினமும் திருநீறு பூசுகிற, தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிற கேமரன்.

என் மகள் மகம் நான்காம் பாதத்தில் பிறந்தாள். கனடாவில் இருக்கிற என் கணவரின் சித்தப்பாதான் குடும்பத்துக்குச் சாத்திரம் பார்ப்பவர். எழுத்து 'மே' என்று வட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பினார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளைப்பேறு பார்த்த நேர்ஸ் ஒரு ஐரிஷ் பெண். இவரைச் சரக்குக் கிடங்கில் லீவு கொடுக்காமல் பிடித்து வைத்திருந்த அந்தப் பகல் முழுக்க, அவள்தான் என் பக்கத்தில் நின்றாள். வேதனையில் அவளுடைய கையை நான் விறாண்டி வைத்தேன், அவள் கையை இழுக்கவில்லை. அவளுடைய சட்டையில் குத்தியிருந்த பெயரைத்தான் நான் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மேவ். எழுத்தும் பொருந்தியது. எனக்குப் பிடித்தது பெயரைவிட அந்தப் பெண்ணை.

சித்தப்பா கூட்டிப் பார்த்துவிட்டுக் குரல் செய்தி அனுப்பினார். "இருபத்தொண்டு வருது பிள்ளை. இதைவிடத் திறமான எண் தேடினாலும் கிடையாது. யோசிக்காமல் வையுங்கோ." எல்லாரையும்விட மச்சாளுக்குத்தான் பெரிய புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. "ச்சா, என்ன வடிவான பேர். பள்ளிக்கூடத்திலயும் கஸ்ரமில்லை. நாளைக்கு வேலைக்கு எழுதிப் போட்டாலும் ஆர், எவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். அந்தக் கடைசி வசனத்தை நான் காதில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்று, அதாவது துடக்குக் கழித்துப் பெயர் வைக்கிற நாள், மச்சாள் வீட்டில் நடந்தது. "உங்கட வீடு சின்னன், ஆக்கள் வந்தா நெருக்கமாப் போயிடும்" என்று அவரே முன்வந்து ஒழுங்கு செய்தார். காரணம் வீட்டின் அளவு இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. ஐயர் வந்தார், தண்ணீர் தெளித்தார், பிள்ளையின் காதில் பெயரை மூன்று தரம் சொன்னார். பிறகு கேக் வந்தது. ரோஸ் கிறீமில் மேவ் என்று பெரிதாக எழுதியிருந்தது. மச்சாள் கத்தியை எடுத்து என் கையில் தருவதற்காக நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து மச்சாளின் மகள், எனக்கு மருமகள் முறை, யூனிவர்சிட்டியில் படிக்கிறவள், இங்கே பிறந்தவள், போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "அம்மா, இந்தப் பேருக்கு மீனிங் என்னெண்டு தெரியுமோ?" என்றாள். "வாசி பாப்பம்" என்று யாரோ சொன்னார்கள். அவள் இங்கிலீசில் வாசித்தாள். வந்திருந்த அன்ரி ஒருவர், "தமிழில சொல்லு பிள்ளை" என்றார். அவள் தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"வெறி ஏத்துறவள். பழைய ஐரிஷ் பேர். அங்க தேனைப் புளிக்க வைச்சு ஒரு குடிவகை செய்யிறவை. அந்தச் சொல்லில இருந்துதான் இந்தப் பேர் வந்ததாம்."

"அப்ப எங்கட கள்ளு மாதிரி எண்டு சொல்லுங்கோவன்" என்றார் சுவரோரம் இருந்த ஒரு அங்கிள். பகிடிக்குத்தான் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. சிரிக்கத் தொடங்கிய வாயை மூடிக்கொண்டார். கூடத்தில் இருந்த ஒவ்வொரு தலையும் மெல்ல என் பக்கம் திரும்பியது. திரும்பிய வேகத்தில் குனிந்துகொண்டது. மருமகள் மட்டும் ஒன்றும் விளங்காமல், "வாட்? இட்ஸ் குயூட்" என்றாள். மச்சாள் என் பக்கம் நீட்டிய கத்தியைத் திருப்பி எடுத்து, பெயர் எழுதியிருந்த இடத்தை முதலில் வெட்டினார்.

எனக்கு வெட்கம் வரவில்லை. பத்திக்கொண்டு வந்தது. அதுவரை அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கு நான் யார் என்று தெரியாது என்றா நினைத்திருந்தேன்? எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு தெரியாதது போல இருப்பதற்குத்தான் நாகரிகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கையில் பிள்ளையோடு உள்ளே போனேன். மச்சாள் பின்னால் வந்து கதவைச் சாத்தினார்.

"நீர் தெரிஞ்சுதான் இந்தப் பேரைச் சொன்னனீரோ?" என்றார்.

"இல்லை மச்சாள். உங்களுக்குத் தெரிஞ்ச அளவுதான் எனக்கும் தெரியும்."

"அப்பிடியெண்டா மாத்துவம். ஊர் சிரிக்கும். இப்ப கதை கனடா, லண்டன் எல்லாம் போயிருக்கும்."

"என்னத்துக்குச் சிரிக்கும்?"

"உமக்குத் தெரியாதே?"

"தெரியாது மச்சாள். நீங்கள் சொல்லுங்கோ."

அவர் சொல்லவில்லை. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொல்லாவது வருமா என்று. வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அடுத்த நாளே சித்தப்பாவிடமிருந்து மாற்றுப் பெயர்கள் வந்தன. எழுத்து மாறக்கூடாது, குறில் நெடில் பார்ப்பதில்லை, அதனால் மெலனி, மெகன், மெலிசா. கூடவே ஒரு சமாதானமும் சொன்னார். மேவு என்று தமிழிலும் ஒரு நல்ல சொல் இருக்கிறதாம், கேட்பவர்களுக்கு அதைச் சொல்லிச் சமாளிக்கலாமாம். "சமாளிக்க நான் என்ன களவெடுத்தனானோ சித்தப்பா?" என்று திருப்பிக் கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்று இவர் அடிக்கடி சொல்வார். சித்தப்பாவும் அதைத்தான் நினைத்திருப்பார்.

ஆனால் இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. மச்சாளின் மகளைப் போனில் பிடித்தேன். அவளுக்கு இது பெரிய விளையாட்டாகப் போய்விட்டது. ஒவ்வொரு பெயராகக் கேட்கக் கேட்க, தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மெலிசா என்றால் தேனீ. மெகன் என்றால் முத்து. மெலனி என்றால் கறுப்பி. அதோடு நிற்காமல் தெரிந்த பெயர் எல்லாம் கேட்டேன். கிளாடியா என்றால் நொண்டி. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற மலேசியாத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணின் பெயர் சிசிலியா. அதற்குக் குருடி என்று அர்த்தமாம். இறைச்சிப் பெட்டியில் ஒரு மயிர் கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. எங்களை மேய்க்கிற ஒருவன் கெவின். அவனுக்கு அழகாய்ப் பிறந்தவன் என்று அர்த்தம். அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டாள். கடைசியாக, "உன்ர அண்ணாவின்ர பேரைப் பார்" என்றேன். பார்த்துவிட்டு அவள் சிரித்த சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. ஸ்கொட்லாந்துப் பெயர். வளைந்த மூக்கு.

வெள்ளைக்காரர் ஒருவரும் இதற்காகப் பெயரை மாற்றவில்லை. நொண்டியும் குருடியும் வளைந்த மூக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வங்கி நடத்துகிறார்கள், நாட்டையும் நடத்துகிறார்கள்.

அந்த வாரமே மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். போத்தலை மேசையில் வைத்தார். இவர் ஒரு பக்கத்தில் குனிந்துகொண்டு இருந்தார். பிள்ளை என் மடியில்.

"மெலனி எண்டு வைப்பம். நம்பரும் சரி வருதாம். தம்பி, நாளைக்கே பதிஞ்சு விடு" என்றார் மச்சாள்.

"மெலனி எண்டா கறுப்பி" என்றேன்.

"இருக்கட்டுமன். பேர் எண்டா பேர்தான். அர்த்தத்தை ஆர் பாக்கிறது?"

"அப்ப கேமரன் எண்டா வளைஞ்ச மூக்கு. அது தெரியுமோ?"

அவருக்குத் தெரிந்திருந்தது. மகள் போய்ச் சொல்லியிருப்பாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "அதுக்கென்ன இப்ப? அவன்ர மூக்கு நேராத்தானே இருக்கு" என்றார்.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினேன். "மச்சாள், உங்கட மகன்ர மூக்கைப் பற்றி ஒருத்தருக்கும் கவலை இல்லை. கறுப்பி பரவாயில்லை, வளைஞ்ச மூக்குப் பரவாயில்லை. என்ர பிள்ளையின்ர பேரில மட்டும் உங்களுக்குக் கள்ளு மணக்குது. அது பேரில இருந்து வாற மணம் இல்லை. என்ர அப்பாவில இருந்து வாற மணம். அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லை, நான் சொல்லுறன். என்ர அப்பா கள்ளுச் சீவினவர். நீங்கள் இந்த வீட்டில ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்காதது அதாலதான். பேர் மாறாது."

மச்சாள் போத்தலை எடுத்துப் பைக்குள் வைத்தார். "தம்பி, நான் போட்டு வாறன்" என்று இவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இவர் அன்றைக்கு எனக்காக ஒரு சொல் பேசவில்லை. அது எனக்கு மச்சாளின் போத்தலைவிட நொந்தது. கார் போன சத்தம் அடங்கிய பிறகு, "ஒரு பேருக்காக அக்காவைப் பகைக்கிறதோ? எங்களுக்கு இஞ்ச அவவை விட்டா ஆர் இருக்கினம்?" என்றார். "படகில என்ர கையால வாங்கிக் குடிச்சனீங்கள்தானே? அப்ப ஆரைக் கேட்டுக் குடிச்சனீங்கள்?" என்றேன். அவர் எழும்பி அடுத்த அறைக்குள் போனார். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது. ஊருக்கு, அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவர் ஏறுவதை விட்டுக் கனகாலம், முழங்கால் இரண்டும் போய்விட்டது. நடந்ததை எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன். நான் நினைத்தது, அப்பா சந்தோஷப்படுவார் என்று.

"மாத்து பிள்ளை" என்றார்.

"ஏன் அப்பா?"

"நான் ஏறினது காணும். அந்த மணம் என்னோட போகட்டும். சின்னப் பிள்ளையின்ர தலையில ஏன் அதை வைக்கிறாய்? அவையள் பெரிய ஆக்கள், பகைக்காதை."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று தெரியாது. இந்த மனிசன் ஏறி இறங்கிய மரத்தால்தான் நான் சாப்பிட்டேன், அந்தக் காசில்தான் கொப்பி வாங்கினேன், அந்தக் காசில்தான் படகும் ஏறினேன். அவர் எனக்கே மன்னிப்புக் கேட்கிறமாதிரிக் கதைக்கிறார். அவரை இப்படிக் கதைக்கப் பழக்கினவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

"அப்பா, இன்னொண்டு சொல்லுறன், கேளுங்கோ" என்றேன். மருமகள் சொன்ன ஒன்றை நான் அதுவரை யாருக்கும் சொல்லவில்லை. "இந்தப் பேர் வந்த நாட்டில பழைய காலத்தில ஒரு நம்பிக்கை இருந்ததாம். அரசனா வாறவன் ஒரு பொம்பிளையின்ர கையால அந்தக் குடிவகையை வாங்கிக் குடிக்கோணுமாம். அவள் குடுத்தாத்தான் அவன் அரசன். இல்லாட்டி இல்லை."

"கையால வாங்கியோ?" என்றார்.

"ஓம் அப்பா. கையால வாங்கி."

"மேலயிருந்து ஊத்தாமல்?"

"ஊத்தாமல். அவளின்ர கையால."

அப்பா சிரித்தார். என்னுடைய அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, தொண்டைக்குள்ளே தொடங்கி இருமலில் முடிந்தது. "அந்தப் பேரை இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். அவரும் சொல்லிப் பார்த்தார். இரண்டாந்தரம் சரியாக வந்தது.

இவர் அடுத்த அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழும்பி வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். "மாமா, பேர் மாறாது. நான் இப்பவே பதியிறன்" என்றார். சொன்னபடி அன்றைக்கே கணினியில் பதிந்தார். பதிந்து முடித்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னுடைய கோபம் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் அன்றைக்கு அவருக்கு மீன் பொரித்துக் கொடுத்தேன்.

மச்சாள் சில மாதங்கள் வரவில்லை. பிறகு வரத் தொடங்கினார். தம்பியை விட்டால் அவருக்கும் இங்கே கூடப்பிறந்தவர் யார் இருக்கிறார்கள். போத்தலோடுதான் வந்தார். ஆனால் பிள்ளையின் பெயரை மட்டும் வாயால் சொல்லமாட்டார். பேபி என்பார், செல்லம் என்பார், குஞ்சு என்பார். பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலும் 'எங்கள் செல்லத்துக்கு' என்றுதான் எழுதுவார். நான் விடுவேனா? அவர் வருகிற நாளில் வேண்டுமென்றே கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். மேவ், மாமி வந்திருக்கிறா. மேவ், சப்பாத்தைக் கழட்டு. மேவ், கதவைச் சாத்து. மேவ், மூக்கைத் துடை. இவர் பொறுக்கமுடியாமல், "காணும் விடும்" என்று கண்ணைக் காட்டுவார். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுவேன்.

மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது கேமரனுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. பெண் வெள்ளைக்காரப் பிள்ளை. அவளுடைய முன்னோர் ஸ்கொட்லாந்தாம். மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டதும் பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டு இவனுடைய மூக்கைத்தான் முதலில் பார்த்தாராம். மருமகள் இதை எனக்கு ரகசியமாகச் சொன்னாள்.

கலியாணம் சொல்வதற்கு மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கலியாணம் சொல்லப் போன வீட்டில் வாய் நனைக்காமல் திரும்பக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வாய் நனைக்காமல் போனால் சொன்னதே கணக்கில் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தட்டில் வெற்றிலை பாக்கோடு அழைப்பிதழை வைத்து இரண்டு பேரிடமும் முறைப்படி நீட்டினார். வாங்கினோம். பிறகு கதிரையில் இருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். தன் தண்ணீரை எங்கள் வீட்டில் இருந்து குடித்துவிட்டால் அதுவும் வாய் நனைத்ததுதான் என்று நினைத்தாரோ என்னவோ. நான் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திக் கனகாலம்.

குசினிக்குள் பைப் திறக்கிற சத்தம் கேட்டது. மகள் போன கிண்டர் பள்ளிக்கூடத்தில், வீட்டுக்கு ஆள் வந்தால் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று அந்தக் கிழமை பழக்கியிருந்தார்கள். தன்னுடைய மஞ்சள் பிளாஸ்ரிக் கப்பில் முட்ட முட்டத் தண்ணீர் எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தச் சிந்த நடந்து வந்தாள். நேரே மச்சாளின் முன்னால் போய் நின்றாள்.

"மாமி, குடியுங்கோ."

"இப்பதான் குடிச்சனான், செல்லம்."

மகள் மேசையில் இருந்த போத்தலைப் பார்த்தாள். மூடி திறக்காமல் முழுசாக இருந்தது. "நோ, யூ டிடின்ட்" என்றாள். பிறகு, "நான் செல்லம் இல்லை. நான் மேவ்" என்றாள்.

நான் சத்தியமாக ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு நேரமாக இருந்தால் நான் பிள்ளையைக் கூப்பிட்டு, வந்த ஆளைக் காப்பாற்றி விட்டிருப்பேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது நடப்பதே அபூர்வம். பிள்ளையின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, கப்பின் பாரத்தில். தண்ணீர் மச்சாளின் சேலையில் சொட்டியது. மகள் கப்பைக் கீழே வைக்கிற ஆள் இல்லை. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மச்சாள் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் கையை நீட்டி, பிள்ளையின் கையிலிருந்து கப்பை வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். மகள் அசையவில்லை. "எல்லாம் குடிக்கோணும்" என்றாள். மச்சாள் எல்லாம் குடித்தார்.

"வட் டூ யூ சே, மாமி?" என்றாள் மகள். கிண்டரில் கேட்கிற மாதிரியே, தலையைச் சரித்துக்கொண்டு.

"தாங்க் யூ."

மகள் காத்துக்கொண்டு நின்றாள்.

"தாங்க் யூ, மேவ்" என்றார் மச்சாள்.

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்க நான் நான்கு வருடம் காத்திருந்தேன். மகளுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாக இல்லை. வெறும் கப்பை வாங்கிக்கொண்டு, திரும்பவும் தண்ணீர் எடுக்கக் குசினிப் பக்கம் ஓடினாள்.

"காணும், காணும்" என்றார் மச்சாள்.

"காணாது மச்சாள்" என்றேன் நான்.